கூலி என்றால் காசா? ஆளா?

மட்டாஞ்சேரி கொச்சியில் உள்ளது. எர்ணாகுளம் மாவட்டத்தைச் சேர்ந்த பழைய ஊர். காயல் ஓரத்தில் கடைவீதி. வீதி நெடுகக் கிடங்குகள். மிளகு, சுக்கு, அரிசி என்று எத்தனையோ மூட்டைகள் அங்கே ஏறி இறங்கியிருக்கின்றன.

மூட்டை தூக்குகிறவர் வேலை முடிந்ததும் காசு வாங்குகிறார். அந்தக் காசுக்கு என்ன பெயர்? கூலி. தமிழிலும் கூலிதான். மலையாளத்திலும் கூலிதான்.

இந்தச் சொல் ஆங்கிலத்திலும் உண்டு. ஆனால் ஆங்கிலத்தில் 'கூலி' என்றால் காசு இல்லை. மூட்டை தூக்கும் ஆளுக்கே அது பெயர். உழைப்பின் விலை எப்படி உழைப்பவரின் பெயர் ஆனது? பார்ப்போம்.

நம் மொழியில் கூலி

கூலி மிகப் பழைய சொல். திருக்குறளிலும் இது வருகிறது. உடல் வருந்தி உழைத்தால் அதற்கு ஏற்ற பலன் கிடைக்கும் என்கிறார் வள்ளுவர். அந்தப் பலனைத்தான் கூலி என்கிறார்.

இன்று நாம் எப்படிச் சொல்கிறோம்? நாள் கூலி, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, தையல் கூலி, செய்கூலி. இவை எல்லாம் பணத்தைக் குறிக்கும். தையல் கூலி என்றால் தையல்காரர் இல்லை. துணி தைத்ததற்குத் தரும் பணம்.

கேரளத்தில் 'நோக்குக்கூலி' என்று ஒரு சொல் உண்டு. வேலை செய்யாமல் பார்த்துக்கொண்டு நின்றதற்குக் கேட்கும் காசு அது. 2018 மே 1 முதல் கேரள அரசு அதைத் தடை செய்தது. அங்கும் கூலி என்றால் காசுதான்.

கப்பல் ஏறிய சொல்

1500-இல் போர்ச்சுகீசியர் கொச்சிக்கு வந்தார்கள். 1663-இல் டச்சுக்காரர் கொச்சியைப் பிடித்தார்கள். 1795-இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். எல்லோரும் மிளகு போன்ற சரக்கைத் தேடி வந்தவர்கள். சரக்கு ஏற்ற ஆள் வேண்டும். ஆளுக்குக் கூலி தர வேண்டும்.

கடல் கடந்து வந்தவர்கள் இந்தச் சொல்லைக் கேட்டார்கள். கூலி வாங்கும் ஆளையே 'கூலி' என்று எழுதத் தொடங்கினார்கள். இப்படித்தான் இச்சொல் ஆங்கிலத்துக்குப் போனது என்று அறிஞர் பலர் சொல்கிறார்கள்.

வேறு கருத்தும் உண்டு. குஜராத்தில் 'கோலி' என்ற மக்கள் இருக்கிறார்கள். அவர்களின் பெயரிலிருந்து வந்தது என்கிறார்கள் சிலர். இரண்டு சொல்லும் கலந்துவிட்டன என்றும் சொல்வார்கள்.

சொல் சீனாவுக்கும் போனது. சீனர் இதை இரண்டு எழுத்துகளால் எழுதினார்கள். அந்த எழுத்துகளுக்குக் கசப்பான உழைப்பு என்று பொருள்.

வசையாக மாறியது

பிரிட்டன் ஆண்ட தூரத்து நாடுகளில் 1834-இல் அடிமை முறையை ஒழித்தார்கள். ஆனால் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. அதே ஆண்டில் இந்தியரை ஒப்பந்தம் செய்து மொரீசியசுக்குக் கொண்டு போனார்கள். பெரும்பாலும் 5 ஆண்டு ஒப்பந்தம். எழுதப் படிக்கத் தெரியாத பலர் அதில் என்ன இருக்கிறது என்று அறியாமலே கப்பல் ஏறினார்கள்.

1860-இல் சென்னையிலிருந்து ஒரு கப்பல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனது. பிறகும் பல கப்பல்கள் போயின. தமிழர் ஏராளமாகப் போனார்கள். அவர்களைக் 'கூலிகள்' என்றார்கள் வெள்ளைக்காரர்கள். பிறகு இந்தியர் எல்லோரையும் அப்படியே அழைத்தார்கள். கடை வைத்திருந்தவரும் கூலிதான்.

1893-இல் காந்தி அங்கே போனார். அவர் படித்த வக்கீல். அவரையும் 'கூலி பாரிஸ்டர்' என்றார்கள். அவர் எந்த மூட்டையைத் தூக்கினார்? இந்தியர் என்பதற்காகவே அந்தப் பெயர். இன்றும் தென்னாப்பிரிக்காவில் இது வசைச் சொல். இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிக்கு ஆள் அனுப்புவது 1917-இல் நின்றது.

மட்டாஞ்சேரியின் சாப்பா

ஆளை மதிக்காத பழக்கம் வெளிநாட்டில் மட்டும் இல்லை. கொச்சித் துறைமுகத்திலும் இருந்தது.

அங்கே சரக்கு ஏற்றி இறக்கும் வேலைக்கு 'சாப்பா' வேண்டும். சாப்பா என்பது உலோக வில்லை. விடியும் முன்பே தொழிலாளர்கள் கூடி நிற்பார்கள். ஆள் எடுப்பவர் வில்லைகளைக் கூட்டத்தின் நடுவே எறிவார். யார் கையில் வில்லை கிடைக்கிறதோ அவருக்கு அன்று வேலை. அதற்காக ஒருவரை ஒருவர் இடித்துத் தள்ள வேண்டும். அடிபட வேண்டும். வில்லை கிடைக்காதவர் வெறும் கையோடு வீடு திரும்புவார். அன்று அவர் வீட்டில் அடுப்பு எரியாது.

இந்த முறையைத் தொழிலாளர்கள் எதிர்த்தார்கள். "வில்லையை எறியாதே. முறையாக வேலை கொடு" என்பதே கோரிக்கை. 1953-இல் பெரிய போராட்டம் நடந்தது. செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் போலீஸ் துப்பாக்கியால் சுட்டது. அந்தப் போராட்டத்தில் சைது, செய்தலவி, அந்தோணி ஆகிய மூவர் உயிர் இழந்தார்கள்.

பின்னாளில் சாப்பா முறை ஒழிந்தது. 2023-இல் வந்த 'துறைமுகம்' என்ற மலையாளப் படம் இந்தப் போராட்டத்தைக் காட்டியது.

பெயரில் மதிப்பு

கேரளத்தில் மூட்டை தூக்குகிறவர்களுக்கு ஒரு சட்டம் வந்தது. சுமட்டுத் தொழிலாளர் சட்டம் என்பது அதன் பெயர். 'கூலிகள் சட்டம்' என்று வைக்கவில்லை. ரயில் நிலையத்தில் பெட்டி தூக்குகிறவரை இனி 'சகாயக்' என்று அழைப்போம் என்று ரயில்வே 2016-இல் அறிவித்தது. சகாயக் என்றால் உதவியாளர்.

பெயர் மாறினால் மட்டும் போதுமா? போதாது. நியாயமான கூலியும் வேண்டும். மரியாதையும் வேண்டும். இரண்டும் உழைப்பவரின் உரிமை.

கூலி கேட்பதில் வெட்கம் இல்லை. அது உழைப்பின் விலை. ஆனால் உழைப்பவர் கூலி இல்லை. அவர் தொழிலாளி. அவருக்கும் ஒரு பெயர் உண்டு. பெயர் சொல்லி அழைப்போம்.

பொருள் அறிவோம்

ஒப்பந்தம் – இரு தரப்பும் ஏற்றுக்கொண்ட ஏற்பாடு
வசை – திட்டும் சொல்
சாப்பா – வேலைக்காகத் தந்த உலோக வில்லை
கோரிக்கை – வேண்டும் என்று கேட்பது

விடை கூறுங்கள்

1. தமிழில் கூலி என்றால் என்ன? ஆங்கிலத்தில் என்ன?
2. காந்தியை ஏன் 'கூலி பாரிஸ்டர்' என்றார்கள்?
3. சாப்பா முறையில் என்ன கொடுமை இருந்தது?

எழுதிப் பாருங்கள்

'கூலி' என்று முடியும் 5 சொற்களை எழுதுங்கள். உங்கள் ஊரில் ஒரு நாள் வேலைக்கு எவ்வளவு கூலி? ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலியா? கேட்டு எழுதுங்கள்.