தோல் இறுகுவதற்கு முன்னே கூடும் கலங்கள்

கேள்வி: டொக்டர், என் அக்காவுக்கு 38 வயது. சில மாதமாக இரண்டு கை விரல்களும் உப்பி, மோதிரம் கழராமல் இருந்தது. இப்போது முழங்கைக்கு மேலேயும் தோல் இறுகி, ஓயாத அரிப்பு. ஐஸ் மீன் கழுவினால் விரல்கள் வெளிறி நீலமாகிவிடும். சிஸ்டமிக் ஸ்கிளிரோசிஸ் என்று கிளினிக்கில் சொல்லி மைக்கோபீனோலேட் குளிசை தந்தார்கள். அது நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்குமாம். இறுகின தோலுக்கு அது எதற்கு? அயலில் சிலர் குஷ்டம் என்றும் கதைக்கிறார்கள்.
– வாசகி, சொறிக்கல்முனை

பதில்: அயலாரின் கதையை முதலில் முடித்துவிடுவோம். மாந்தீவு தொழுநோய் வைத்தியசாலையை அறிந்த கரையில் அந்தப் பயம் எழுவது புதிதல்ல. ஆனால் தொழுநோய்த் தேமலில் உணர்ச்சி குறையும். அக்காவின் தோலோ அரிக்கிறது, இரு பக்கமும் ஒரே மாதிரி இறுகுகிறது, குளிருக்கு விரல் நிறம் மாறுகிறது. அக்காவின் நோய் யாருக்கும் தொற்றாது.

அந்த அரிப்பிலும் உப்பலிலும்தான் உங்கள் கேள்விக்கு விடை இருக்கிறது. இந்த நோயின் தொடக்கத்தில் தோலில் ஒரு துண்டு எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தால், நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுற்றி வெண்குருதிக் கலங்கள் மொய்த்திருப்பதைக் காணலாம். பெரும்பாலும் டி கலங்களும் மெக்ரோபேஜ்களும். குழாயின் உட்சுவரைச் சில டி கலங்களே கொல்லக்கூடும் என்று 2020இல் ஓர் ஆய்வு காட்டியது. மெக்ரோபேஜின் வேலை காயத்தைத் துப்புரவாக்கி ஆற்றுவது. இங்கே அது இல்லாத காயத்தை ஆற்றிக்கொண்டே இருக்கிறது: ‘நார் போடு’ என்று இரசாயனச் செய்தி அனுப்ப, தோலின் கலங்கள் கொலாஜன் என்ற நாரைக் கொட்டுகின்றன. இன்னொரு வகை வெண்குருதிக் கலமான பி கலங்களுக்கும் இதில் பங்குண்டு. டி, பி கலங்கள் பெருகுவதைத்தான் மைக்கோபீனோலேட் அடக்குகிறது.

பல வருடம் போனபின் இந்தக் கலங்கள் குறைந்துவிடும், நார் மட்டும் மிஞ்சும். அப்போது குளிசைக்குப் பிடிப்பு குறைவு. ஆகவே இப்போதே தொடங்கியது சரி.

எந்த ஒரு கலத்தையும் தனிக் குற்றவாளி என்று நான் சொல்லமாட்டேன். பி கலங்களை அழிக்கும் ரிட்டக்சிமாப் ஊசி ஜப்பானிய ஆய்வொன்றில் தோலை இளக்கியது. இன்டர்லூக்கின்-6 என்ற செய்தியைத் தடுக்கும் டொசிலிசுமாப் நுரையீரலைக் காத்தது, தோலில் எதிர்பார்த்த பலன் தரவில்லை. போதாததற்கு, சிலருக்குத் தோல் காலப்போக்கில் தானாகவும் இளகும், அது மருந்தாலா என்று சொல்வது கடினம். அதனால் 17 இடங்களில் தோலைக் கிள்ளிப் பார்த்து 51 வரை போடும் புள்ளியை ஒவ்வொரு கிளினிக்கிலும் எழுதச் சொல்லுங்கள். தோல் இளகியதா இல்லையா என்று கைக்குப் பட்டதை மட்டும் வைத்துச் சண்டை பிடிக்க வேண்டியிராது.

பார்மசியில் வீக்கத்துக்கென்று பிரட்னிசொலோன் வாங்கிக் கொடுக்காதீர்கள். நாளொன்றுக்கு 15 மில்லிகிராமோ அதற்கு மேலோ போனால், இந்த நோயில் சிறுநீரகம் திடீரெனப் பழுதாகும் ஆபத்து கூடும். அதை நேரத்தோடு கண்டுகொள்ளப் பிரஷரை வீட்டிலேயே பார்த்து எழுதிவையுங்கள். திடீரென ஏறினாலோ, கடும் தலையிடியோடு பார்வை மங்கினாலோ அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். இளைப்பு, வறட்டு இருமல் இல்லாவிட்டாலும் நுரையீரலுக்கு ஸ்கேன், இருதயத்துக்கு எக்கோ எடுத்தாகிவிட்டதா என்று கேளுங்கள். மைக்கோபீனோலேட் கருவைப் பாதிக்கும், அக்கா பிள்ளை பெற நினைத்திருந்தால் அதை டொக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.