முசுக்கொட்டை: இனமறிந்து வளர்க்க

சீனாவைத் தாயகமாகக் கொண்டதும், மல்பெரி என்று பேச்சுவழக்கில் வழங்குவதுமான வெள்ளை முசுக்கொட்டையைப் பழத்தின் நிறத்தால் இனங்காண இயலாது. ஏனெனில் அதன் பழம் வெள்ளை, இளஞ்சிவப்பு, கருஞ்சிவப்பு என மரத்துக்கு மரம் வேறுபடும். இலையும் காம்புமே நம்பத்தக்க சான்றுகள். வெள்ளை முசுக்கொட்டையின் இலை மேற்புறம் வழவழப்பாக இருக்க, மேற்கு ஆசியாவில் பெரிதும் வளர்க்கப்படும் கருமுசுக்கொட்டையின் இலை சொரசொரப்பாகவும் அடிப்பகுதியில் ஆழ்ந்த இதய வடிவிலும் அமையும். முன்னதன் பழத்துக்குத் தெளிவான காம்பு உண்டு, பின்னதன் பழமோ கிளையை ஒட்டியே காய்க்கும். ஒரே கிளையில் முழு இலையும் பிளவுற்ற இலையும் கலந்திருப்பதைக் கண்டு இரு மரங்கள் எனக் கருத வேண்டியதில்லை.

ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி மரங்களில் அமைவதுண்டு என்பதால், பழம் வேண்டுவோர் காய்த்த மரத்திலிருந்தே குச்சி எடுத்தல் வேண்டும். ஆறு முதல் எட்டு மாதம் முதிர்ந்த, பென்சில் பருமனுள்ள கிளையை, மூன்று நான்கு கணுக்கள், அதாவது இலை துளிர்க்கும் இடங்கள், இருக்குமாறு 15 முதல் 20 செ.மீ. நீளத்தில் வெட்டி, தலைகீழாகாமல், ஒரு கணு மட்டும் மண்ணுக்கு மேலே தெரிய நட்டு, ஈரம் காயாமல் காத்தால் வேர்பிடிக்கும். புதுக் கிளையில்தான் பழம் மிகுதியாகப் பிடிக்கும். ஆகவே அறுவடைக்குப் பின் கவாத்து செய்தல், அதாவது கிளைகளைக் குறைத்து வெட்டுதல், இன்றியமையாதது. பட்டுப்புழுவுக்கு இலை பறிக்கும் மரத்தில் பூச்சிக்கொல்லி தெளித்தால், அந்நஞ்சு எஞ்சியுள்ள இலையை உண்ணும் புழு மடியும்.