பிள்ளைகள் வரும்வரை பசியோடு இருக்காதீர்கள்: பதினைந்து நிமிடத்தில் சூடான சார்டின் ரொட்டி

கிள்ளான் பள்ளத்தாக்கில் வார நாள்களில் இரவுச் சாப்பாட்டுக்கு என்று ஒரு நேரம் கிடையாது. பிள்ளைகள் வேலை முடிந்து, சாலை நெரிசலைக் கடந்து, சாலாக் செலாத்தானில் எல்.ஆர்.டி.யை விட்டு இறங்கி வீடு வந்து சேர எட்டு மணி ஆகிவிடுகிறது. கிள்ளானுக்குக் கொமூட்டர் ஏறுபவர்கள் இன்னும் பிந்துவார்கள். வீட்டில் இருக்கும் பெரியவர்களோ, "அவர்கள் வந்ததும் சேர்ந்தே சாப்பிடலாம்" என்று காத்திருக்கிறார்கள். அல்லது ஆறு மணிக்கு ஒரு தேத்தண்ணியும் நான்கு கிரீம் கிரேக்கர் பிஸ்கட்டும் சாப்பிட்டுவிட்டு, "எனக்குப் பசியில்லை" என்று சொல்லிவிடுகிறார்கள்.

இந்த இரண்டு பழக்கங்களும் உடலுக்கு நல்லதல்ல. சோறு, குழம்பு, பொரியல் என்று தனி ஒருவருக்காக மாலையில் அடுப்படியில் நிற்க முடியாது என்பது உண்மைதான். அதனால்தான் இந்தப் பாடத்தில், கால் மணி நேரத்தில் தோசைக்கல்லிலேயே முடிந்துவிடும் ஓர் உணவைப் பற்றிச் சொல்கிறோம்.

பிஸ்கட் ஏன் போதாது?

அறுபது வயதைக் கடந்த பிறகு உடலில் தசை குறைவது வேகம் பிடிக்கிறது. அது ஒரே நாளில் தெரிவதில்லை. நாற்காலியிலிருந்து எழக் கையை ஊன்ற வேண்டியிருக்கும். ஊறுகாய் போத்தலின் மூடியைத் திறக்கப் பேரப்பிள்ளையைக் கூப்பிட வேண்டியிருக்கும். குளியலறையில் கால் தடுமாறும்போது பிடித்து நிற்கப் பலம் இருக்காது. தசையைக் காப்பவை இரண்டு: கை கால்களுக்கு வேலை கொடுப்பது, போதிய புரதம் சாப்பிடுவது.

பொதுவாக, பெரியவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்குச் சுமார் 1 கிராம் புரதம் ஒரு நாளைக்குத் தேவை. 60 கிலோ எடை உள்ளவருக்கு 60 கிராம். அதை மூன்று வேளைக்கும் பங்கிட்டால் வேளைக்கு 20 கிராம் வரும். மதியம் ஒரு துண்டு மீனோ கோழியோ சாப்பிட்டுவிட்டோமே என்று இரவை விட்டுவிட்டால் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். நான்கு கிரீம் கிரேக்கரில் கிடைக்கும் புரதம் மிகக் கொஞ்சம். மீதியெல்லாம் மாவும் எண்ணெயும் உப்பும்தான். (சிறுநீரகக் கோளாறுக்குச் சிகிச்சை பெறுபவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் எவ்வளவு புரதம் சாப்பிடலாம் என்பதை மருத்துவரோ உணவியல் நிபுணரோதான் சொல்ல வேண்டும்.)

மாத்திரை போட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள் கவனத்திற்கு

நம் நாட்டில் 2018-இல் முதியோரிடையே நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி, 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் நான்கில் ஒருவருக்கும் அதிகமானோருக்கு இனிப்பு நீர் இருக்கிறது. இவர்களுக்கு இரவுச் சாப்பாடு தள்ளிப் போவது வெறும் பசி சம்பந்தப்பட்ட விஷயம் அல்ல.

கிளிக்லாசைட் போன்ற மாத்திரைகளும் சாப்பாட்டு வேளைக்குப் போடும் இன்சுலினும், நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்ப்பதில்லை. உள்ளே போனதும் சர்க்கரையை இறக்கத் தொடங்கிவிடும். ஏழு மணிக்கு மருந்தை எடுத்துவிட்டு ஒன்பது மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தால், அந்த இடைவெளியில் சர்க்கரை 4 மில்லிமோலுக்குக் கீழே போய்விடக்கூடும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, கண் மங்கல் ஆகியவை அறிகுறிகள். வயதானவர்களில் சிலருக்கு இவை எதுவும் தெரியாமல், பேச்சு குழறுவதும் தூக்கக் கலக்கமும் மட்டுமே தெரியும். வீட்டில் உள்ளவர்கள் "களைப்பாக இருக்கிறார்" என்று விட்டுவிடுவார்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. மெட்ஃபார்மின் மாத்திரம் சாப்பிடுபவர்களுக்கு இந்தப் பயம் குறைவு.

சர்க்கரை இறங்கியது போல் தெரிந்தால், மூன்று தேக்கரண்டி சீனியை அரை கிளாஸ் நீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் சோதித்துப் பார்க்க வேண்டும். இன்னும் 4-க்குக் கீழே இருந்தால் மறுபடியும் அதே அளவு. சரியானதும் உடனே ஒரு வேளை உணவு சாப்பிட வேண்டும். சீனித் தண்ணீர் சீக்கிரம் தீர்ந்துவிடும். மயங்கிவிட்டவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். 999-ஐ அழையுங்கள்.

இது வராமல் தடுக்க எளிய வழி உண்டு. இரவு வேளை மருந்தை, உணவு தயாராகி மேசையில் இருப்பதைப் பார்த்த பிறகே எடுங்கள். உங்கள் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம் முன்பு எடுக்க வேண்டும் என்பதைச் சுகாதார கிளினிக்கில் உள்ள மருந்தாளரிடம் கேட்டு, மருந்துப் பையின் மேலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பயந்துபோய் மருந்தை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள்.

சூடான ரொட்டி

மேல்நாடுகளில் மாட்டிறைச்சியை மெல்லிய துண்டுகளாக நறுக்கி, சூடான சாறு ஊற்றி, ரொட்டிக்கு இடையில் வைத்து இரவு உணவாகச் சாப்பிடுகிறார்கள். நம் ஊரிலும் இதற்கு உறவுக்காரர்கள் உண்டு. நோன்பு மாதப் பசாரில் நீண்ட ரொட்டியைப் பிளந்து, இறைச்சியும் முட்டையும் வெங்காயமும் சேர்த்துக் கல்லில் அழுத்திச் சுடும் ரொட்டி ஜோன் ஒன்று. இறைச்சி வில்லையை முட்டையில் சுற்றித் தரும் சாலையோர பர்கர் இன்னொன்று. சுவையில் குறையில்லை. ஆனால் மயோனிஸ், சில்லி சோஸ், மார்ஜரின் என்று அதன்மேல் ஊற்றுவதை எண்ணிப் பார்த்தால், வாரம் ஐந்து நாள் சாப்பிடக்கூடியது அல்ல.

நம் வீடுகளில் பலர் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை. ஆனால் அலமாரியில் ஒரு சார்டின் டின் இல்லாத வீடு குறைவு. எனவே அதிலிருந்தே தொடங்குவோம்.

இருவருக்கு: 155 கிராம் சிறிய சார்டின் டின் ஒன்று, முட்டை இரண்டு, முழுக் கோதுமை ரொட்டி நான்கு துண்டு, பெரிய வெங்காயம் பாதி, தக்காளி ஒன்று, பச்சை மிளகாய் ஒன்று, எலுமிச்சை பாதி, வெள்ளரிக்காய், எண்ணெய் இரண்டு தேக்கரண்டி.

டின்னைத் திறந்ததும் அதிலுள்ள சோஸில் பாதியைக் கொட்டிவிடுங்கள். மீனை முள்கரண்டியால் மசியுங்கள். நடு முள்ளை எடுத்துப் போட வேண்டாம். டின்னில் வெந்த முள் மாவு போல மசிந்துவிடும், எலும்புக்கு வேண்டிய கால்சியம் அதில்தான் இருக்கிறது. தோசைக்கல்லில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு வெங்காயத்தையும் மிளகாயையும் வதக்கி, நறுக்கிய தக்காளியைச் சேருங்கள். தக்காளி குழைந்ததும் மீனைப் போட்டு, ஈரம் வற்றும்வரை கிளறி, அடுப்பை அணைத்துவிட்டு எலுமிச்சை பிழியுங்கள். கறிவேப்பிலை இரண்டு இணுக்கு போட்டால் இன்னும் நன்றாக இருக்கும். உப்பு போட வேண்டாம். சாப்பிட்டுப் பாருங்கள், குறை தெரியாது. எலுமிச்சையின் புளிப்பு அந்த இடத்தை நிரப்பிவிடும்.

இதை ஒரு தட்டில் எடுத்து வைத்துவிட்டு, கல்லைத் துடைத்து, மீதி எண்ணெயில் முட்டைகளை அடித்து ஊற்றுங்கள். மேலே ஈரம் காய்வதற்குள் இரண்டு ரொட்டித் துண்டுகளை அதன்மேல் வைத்து அழுத்துங்கள். முட்டை நன்றாக வெந்ததும் திருப்பிப் போட்டு, சார்டினைப் பரப்பி, இன்னொரு துண்டால் மூடுங்கள். கல்லின்மேல் ஒரு மூடியைக் கவிழ்த்து, சிறு தீயில் இரண்டு நிமிடம் விட்டால் போதும். வெள்ளரிக்காயைப் பிறகு உள்ளே வைக்கலாம், அல்லது பக்கத்தில் வைத்துக் கடித்துக்கொள்ளலாம்.

இதில் ஒருவருக்கு மீனிலிருந்து சுமார் 10 கிராம், முட்டையிலிருந்து 6 கிராம், ரொட்டியிலிருந்து 5 கிராம் என்று புரதம் கிடைக்கிறது. வேளைக்கு வேண்டிய 20 கிராம் வந்துவிட்டது. ஒரு ரொட்டித் துண்டில் சுமார் 15 கிராம் மாவுச்சத்து என்பதால், இனிப்பு நீர் உள்ளவர்களுக்கும் இரண்டு துண்டு பொருத்தமான அளவே. காய்கறிதான் குறைவு. "சுக்கு-சுக்கு செப்பாரோ" என்று கிளினிக்கில் சொல்லிக் கேட்டிருப்பீர்கள்: தட்டில் கால் பங்கு மாவுப்பொருள், கால் பங்கு புரதம், அரைப் பங்கு காய்கறியும் பழமும். எனவே ரொட்டியோடு ஒரு கிண்ணம் வெள்ளரி, தக்காளி அல்லது மதியம் வைத்த கீரையும் ஒரு துண்டு பப்பாளியும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உப்பைப் பற்றி ஒரு வார்த்தை

ஒரு நாளைக்கு 5 கிராம் உப்பு, அதாவது ஒரு தேக்கரண்டி, போதும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். மலேசியாவில் 2017, 2018-இல் நடந்த உப்பு ஆய்வில் நாம் சராசரியாக 7.9 கிராம் சாப்பிடுகிறோம் என்று தெரிய வந்தது. கையால் அள்ளிப் போடும் உப்பு கண்ணுக்குத் தெரியும். டின்னிலும் ரொட்டியிலும் சோஸிலும் இருப்பது தெரியாது. ஒரு மேசைக்கரண்டி கிச்சாப்பில் மட்டும் சுமார் 900 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. ஒரு நாள் முழுவதற்கும் உள்ள அளவே 2000 மில்லிகிராம்தான். இரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடுபவர்கள் சார்டின் ரொட்டிக்குக் கிச்சாப்பும் சில்லி சோஸும் தொட்டுக்கொள்ளாமல் இருப்பது நல்லது. கடையில் இரண்டு டின்களைக் கையில் எடுத்து, சத்து அட்டவணையில் "சோடியம்" அல்லது "நாட்ரியம்" என்ற வரியை ஒப்பிட்டுப் பாருங்கள். எழுத்து சிறிதாக இருந்தால் கூட வந்தவரைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். நசுங்கிய, துருப்பிடித்த, உப்பிய டின்னை விலை குறைத்துக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

நேற்றைய கோழிக் குழம்பில் செய்யலாமா?

செய்யலாம், மிக நன்றாக வரும். கோழியைப் பிய்த்து, குழம்பை வற்றவைத்து, ரொட்டிக்கு இடையில் வைத்துச் சுடலாம். ஆனால் ஒரு நிபந்தனை. அந்தக் குழம்பு நேற்று இரவு எங்கே இருந்தது?

மதியம் சமைத்த குழம்பை அடுப்பின்மேலேயே மூடி வைத்து, இரவில் ஒரு கொதி, மறுநாள் காலையில் ஒரு கொதி என்று சூடு காட்டி வைப்பது நம் வீடுகளில் காலங்காலமாக உள்ள பழக்கம். ஐஸ்பெட்டி இல்லாத காலத்தில் வேறு வழியும் இல்லை. ஆனால் சில கிருமிகள் உணவில் பெருகும்போது ஒரு வகை நஞ்சை விட்டுவிடுகின்றன. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நஞ்சு அப்படியே இருக்கும். குழம்பு மணமாக இருக்கும், நாக்குக்கும் எதுவும் தெரியாது. இளையவர்கள் ஒரு நாள் வயிற்றுப்போக்கோடு தப்பித்துவிடுவார்கள். எழுபது வயதுக்காரருக்கு அதே வயிற்றுப்போக்கு நீரிழப்பாகி மருத்துவமனை வரை கொண்டுபோய் விடலாம்.

ஆகவே சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் ஐஸ்பெட்டிக்குள் வையுங்கள். பெரிய பானையோடு வைக்காமல், சிறிய டப்பாக்களில் பிரித்து வைத்தால் சீக்கிரம் குளிரும். எடுத்துச் சூடாக்கும்போது நடுப்பகுதி வரை ஆவி பறக்க வேண்டும். மீந்த சார்டினையும் டின்னோடு வைக்காமல் மூடியுள்ள டப்பாவில் மாற்றி, இரண்டு நாளுக்குள் முடித்துவிடுங்கள்.

யாருக்கு என்ன மாற்ற வேண்டும்?

யூரிக் அமிலம் கூடிக் கால் பெருவிரல் வீங்கும் கௌட் உள்ளவர்களுக்குச் சார்டின் ஆகாது. அவர்கள் இரண்டு முட்டையோ, கோழியோ வைத்துச் செய்யலாம். சைவம் சாப்பிடும் நாள்களில் தெம்பே நல்ல மாற்று. உதிர்த்து, மஞ்சளும் மிளகாயும் போட்டு, கொஞ்சம் எண்ணெயில் வதக்கினால் சார்டின் இருந்த இடத்தில் அப்படியே வைக்கலாம். வேகவைத்து மசித்த கொண்டைக்கடலையும் சரி. மாட்டிறைச்சி சாப்பிடும் குடும்பங்கள் கொழுப்பு நீக்கிய இறைச்சியைக் கொத்தாக வாங்கி, சிவப்பு நிறம் சிறிதும் தெரியாத அளவுக்கு வேகவைத்துப் பயன்படுத்தலாம். துண்டு இறைச்சி பொய்ப்பல்லுக்கு அடங்காது.

பல்லைப் பற்றிச் சொல்லும்போது விழுங்குவதையும் சொல்லியாக வேண்டும். காய்ந்த ரொட்டி வயதானவர்களின் தொண்டையில் அடைக்கக்கூடிய உணவு. மொறுமொறுப்பாகச் சுடாமல் மூடி போட்டு ஆவியில் விடச் சொன்னதற்கு அதுவே காரணம். ஓரங்களை வெட்டிவிட்டு, நான்காக நறுக்கி, நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு வாய் விழுங்கிய பிறகே அடுத்த வாய் எடுக்க வேண்டும். தொலைக்காட்சி நாடகத்தைப் பார்த்துக்கொண்டு சாப்பிட வேண்டாம். பக்கவாதம் வந்தவர்களும், சாப்பிடும்போது அடிக்கடி இருமுபவர்களும், ரொட்டி சாப்பிடலாமா என்று முதலில் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. ஒரு பொட்டலம் ரொட்டியை இரண்டிரண்டு துண்டாகப் பிரித்து உறைபெட்டியில் வைத்துவிட்டால் பூஞ்சணம் பிடிக்காது. பனி விலகும்வரை காத்திருக்காமல் நேராகச் சூடான கல்லில் போடலாம். டின்னைத் திறக்க அம்மாவுக்குக் கை வலிக்குமானால், காலையில் புறப்படும் முன் திறந்து, மீனை டப்பாவில் போட்டு ஐஸ்பெட்டியின் முன் தட்டில் வைத்துவிட்டுப் போங்கள். ஏழு மணிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு: "சாப்பிட்டீங்களாம்மா?" அவர் சாப்பிட்டு முடித்திருந்தாலும், நீங்கள் வந்ததும் உங்களோடு உட்கார்ந்து ஒரு கோப்பை சீனியில்லாத தேத்தண்ணி குடிக்கலாம்.