எந்த ஆம்ப்ளிஃபயர் நன்றாக ஒலிக்கிறது?

தளவானூர்ப் பக்கம் திருவிழா என்றால் முதலில் வந்து இறங்குவது மைக்செட். ஒன்பதாம் வகுப்பில் ‘ஒலி’ பாடம் நடத்தும்போது பேச்சு அங்கே போனது. “கனமான பழைய ஆம்ப்ளிஃபயர்தான் சார் நல்லாக் கேக்கும். புது செட்டெல்லாம் தகரம் மாதிரி இருக்கும்” என்றான் ஒரு மாணவன். அவன் அப்பா சவுண்டு சர்வீஸ் வைத்திருக்கிறார். பழைய பெட்டியை விற்றுப் புதியது வாங்கலாமா என்று வீட்டில் யோசித்துக்கொண்டிருந்தார்கள். சோதித்தே பார்த்துவிடலாம் என்றேன்.

முதலில் எடைக்குக் காரணம் பார்த்தோம். பழைய டிரான்சிஸ்டர் பெருக்கியில் மின்னாற்றலின் ஒரு பகுதி வெப்பமாக வீணாகிறது. ‘பி’ வகைச் சுற்றின் திறன் கோட்பாட்டளவிலேயே 78.5 விழுக்காட்டைத் தாண்டாது. அந்த வெப்பத்தை வெளியேற்ற அலுமினியத் தகடும், மின்சாரம் தர பெரிய மின்மாற்றியும் தேவை. ‘டி’ வகையில் டிரான்சிஸ்டர்கள் சுவிட்சுபோல வேகமாகத் திறந்து மூடுவதால் திறன் 90 விழுக்காடு வரை செல்லும், பெட்டியும் சிறிதாகும். ஆக, எடை என்பது வெப்பத்தின் கணக்கு. இனிமையின் கணக்கு அல்ல.

பிறகு சோதனை. ஒரே ஸ்பீக்கர், ஒரே பாடல். சற்றே உரக்கக் கேட்பதை ‘நல்ல ஒலி’ என்று காது எடுத்துக்கொள்ளும். எனவே 400 ஹெர்ட்ஸ் ஒலியை இயக்கி, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரால் மாறுமின்னழுத்தத்தை அளந்து, இரண்டையும் சமமாக்கினோம். இரண்டு பெருக்கிகளின் வெளியீடுகள் ஒன்றோடொன்று சேரக் கூடாது. அதனால் இரு கம்பிகளையும் சேர்த்து மாற்றும் இருமுனை சுவிட்சை நானே பொருத்தினேன். பெருக்கிகளைத் துணியால் மறைத்தோம். ஒவ்வொரு முறையும் ஒரு மாணவி நாணயத்தைச் சுண்டி, விழுந்த பக்கத்தின்படி பெருக்கியைத் தேர்ந்தெடுத்தாள்.

அந்த மாணவன் 16 முறை கேட்டு 9 முறை சரியாகச் சொன்னான். வெறும் ஊகத்திலேயே சராசரியாக 8 சரியாக வரும். 12 அல்லது அதற்கு மேல் ஊகத்தால் கிடைக்கும் வாய்ப்பு 4 விழுக்காட்டுக்கும் குறைவு. அத்தனை கிடைத்திருந்தால் வேறுபாடு கேட்கிறது என ஏற்றிருப்போம். நிகழ்தகவுப் பாடம் இப்படி அறிவியல் வகுப்புக்குள் வந்து உட்கார்ந்தது.

இதிலிருந்து ‘எல்லாம் ஒன்றுதான்’ என்று முடித்துவிடக் கூடாது. வகுப்பறை அளவு ஒலியில் அவனால் பிரித்தறிய முடியவில்லை; அவ்வளவே. தன் ஆற்றலுக்கு மேல் முடுக்கினால் எந்தப் பெருக்கியும் அலையின் உச்சியை வெட்டிவிடும். அப்போது கரகரப்பு தெளிவாகக் கேட்கும். ஸ்பீக்கரைச் சுவர் மூலைக்கு நகர்த்தியதும் தாழ்ந்த ஒலி கூடியதை வகுப்பு முழுவதும் உடனே கண்டுகொண்டது.

“அப்போ திருவிழா சத்தத்துல வச்சும் பார்க்கணும் சார்” என்றான் அவன். எதை, எந்த நிலையில் அளந்தோம் என்று கேட்கத் தெரிந்துவிட்டது அவனுக்கு. இந்தப் பாடத்தின் கற்றல் விளைவாக நான் குறித்துக்கொண்டது அதைத்தான்.