மணிக்கட்டில் ஒரு பங்கு

அன்புக் கண்ணா,

முதல் சம்பளத்தில் ஸ்மார்ட் வாட்ச் வாங்கப்போகிறேன், எது நல்லது என்று கேட்டு மூன்று படங்கள் அனுப்பியிருந்தாய். மூன்றுமே பார்க்க அழகு. ஆனால் வட்டமா சதுரமா, கறுப்பா வெள்ளியா என்று தொடங்காதே. உன் கையில் இருக்கிற போனிலிருந்து தொடங்கு.

உன்னுடையது ஆண்ட்ராய்டு. அதனால் நீ அனுப்பிய முதல் படத்தை, அந்த ஆப்பிள் வாட்சை, இப்போதே கழித்துவிடலாம். 2015-இல் விற்பனைக்கு வந்ததிலிருந்து அது ஐபோனோடு மட்டும்தான் சேரும். ஐபோன் வைத்திருக்கும் உன் அறைத்தோழனுக்கும் இதே மாதிரி ஒரு வேலி உண்டு. 2021-இல் வந்த கேலக்ஸி வாட்ச் 4 முதற்கொண்டு சாம்சங்கின் வாட்சுகள் ஐபோனோடு சேர்வதில்லை. கூகுளின் பிக்சல் வாட்சும் சேராது. நாய்ஸ், போட், டைட்டன், அமேஸ்ஃபிட், கார்மின் போன்றவை பெரும்பாலும் இரண்டு வகைப் போனோடும் சேரும். ஆனால் ஐபோனோடு சேர்த்தால், வந்த செய்தியைப் படிக்கலாம்; வாட்சிலிருந்தே பதில் அனுப்புவது பெரும்பாலும் நடக்காது. அடுத்த ஆண்டு நீ போனை மாற்றினால் இந்த வாட்ச் கூட வருமா என்பதையும் இன்றைக்கே யோசித்துக்கொள்.

நான் ஓசூரில் வேலை பார்த்த காலம் உனக்குக் கதையாகத் தெரியும். டாட்டாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-இல் தொடங்கிய டைட்டனின் தொழிற்சாலை அது. கண்ணில் லென்ஸ் மாட்டிக்கொண்டு, இடுக்கியால் ஒவ்வொரு சின்னப் பாகத்தையும் எடுத்து வைப்போம். குவார்ட்ஸ் கடிகாரத்துக்குள் ஒரு துண்டுப் படிகம் வினாடிக்கு 32,768 முறை அதிரும். ஒரு சில்லு அதை எண்ணி வினாடி முள்ளை ஓர் அடி நகர்த்தும். ஒரு பட்டன் பேட்டரி இரண்டு ஆண்டுகூட வரும். பின்மூடியைப் போட்டு அழுத்திவிட்டால், அதற்கு வேண்டியது அத்தனையும் அதற்குள்ளேயே இருக்கும். செய்த நிறுவனமே இல்லாமல் போனாலும் கடிகாரம் ஓடும்.

நீ வாங்கப்போகும் பொருளில் ஒரு பங்குதான் மணிக்கட்டில் இருக்கும். இன்னொரு பங்கு போனில் இருக்கும் ஆப். மூன்றாவது பங்கு, நீ ஒருநாளும் பார்க்கப்போகாத ஊரில் அந்த நிறுவனம் வைத்திருக்கும் சர்வர். கடைக்காரர் உனக்குக் காட்டுவது முதல் பங்கை மட்டும். மற்ற இரண்டையும் நீயாகத்தான் விசாரிக்க வேண்டும்.

பெப்பிள் என்று ஒரு வாட்ச் இருந்தது. 2012-இல் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் பொதுமக்களிடம் பணம் திரட்டித் தொடங்கினார்கள். ஒரு கோடி டாலருக்கு மேல் சேர்ந்தது. மின்காகிதத் திரை, வெயிலிலும் தெளிவாகத் தெரியும், ஒரு சார்ஜில் பல நாள் வரும். வைத்திருந்தவர்கள் அதை அவ்வளவு நேசித்தார்கள். 2016 டிசம்பரில் நிறுவனம் தொடர முடியாமல் ஃபிட்பிட் என்ற இன்னொரு நிறுவனத்திடம் தன் மென்பொருளை விற்றது. 2018 ஜூனில் சர்வர்கள் நின்றன. கையில் இருந்த வாட்ச் மணி காட்டியது. ஆனால் ஆப் கடை, வானிலை, பேசினால் எழுத்தாக்கும் வசதி எல்லாம் போயின. ரெபிள் என்ற பெயரில் அன்பர்கள் சிலர் கூடி, அந்தச் சேவைகளைத் தாங்களே நடத்தி வாட்சுகளுக்கு உயிர் கொடுத்தார்கள். பிறகு ஃபிட்பிட்டையே கூகுள் வாங்கியது. 2025 ஜனவரியில் பெப்பிளின் மூல நிரலை எல்லோருக்கும் திறந்துவிட்டது. ஒரு பொருளின் மேல் இவ்வளவு பாசம் வைத்து, அதைச் சாகவிடாமல் பிடித்துக்கொண்டவர்களை நினைத்தால் தொழிற்சாலையில் உட்கார்ந்திருந்தவளுக்கு நெஞ்சு நிறைகிறது. ஆனால் எல்லா வாட்சுக்கும் அப்படி ஒரு கூட்டம் அமையாது. அதனால் ஒன்று செய். வாங்க நினைக்கும் வாட்சின் ஆப் எது என்று கேட்டு, ப்ளே ஸ்டோரில் அதைத் தேடு. கடைசியாக எப்போது புதுப்பித்திருக்கிறார்கள் என்று பார். இணைப்பு அறுகிறது என்று புலம்பும் விமர்சனங்களை முதலில் படி. இரண்டு வருடம் முந்தைய மாடல் வைத்திருப்பவர்கள் இப்போது என்ன சொல்கிறார்கள் என்பதுதான் உனக்கு முக்கியம். புதிதாக வாங்கியவர்கள் எல்லோரும் முதல் வாரம் ஐந்து நட்சத்திரம் போடுவார்கள்.

வாட்சில் இரண்டு வகை. ஒன்று போன் மாதிரியே ஆப் நிறுவிக்கொள்ளும் வகை. கூகுளின் வேர் ஓஎஸ்ஸில் ஓடுவது. அதற்கு ஒன்றிரண்டு நாளுக்கு ஒருமுறை சார்ஜ் போட வேண்டும். மற்றது எளிய மென்பொருளில் ஓடும் வகை. புதிய ஆப் அதிகம் போட முடியாது, ஆனால் ஒரு வாரம், சிலவற்றில் அதற்கு மேலும் வரும். திரையை எப்போதும் எரியவிட்டாலோ, வாட்சிலேயே பேசினாலோ பெட்டியில் போட்ட கணக்கு பாதியாகக் குறையும். நாலு பேர் தங்கும் அறை, இரண்டே ப்ளக் பாயின்ட் என்கிறாய். உனக்கு இரண்டாவது வகையே போதும் என்பது என் தீர்மானம். அதன் சார்ஜர் பெரும்பாலும் மாடலுக்கு மாடல் வேறு வேறு காந்த முனையோடு வரும். தொலைந்தால் தனியாகக் கிடைக்குமா என்று கடையிலேயே கேட்டுவிடு.

இனி விளம்பரத்தில் யாரும் சொல்லாத ஒன்று. உங்கம்மா உனக்கு வாட்ஸ்அப்பில் தமிழில்தான் எழுதுவாள். சில மலிவு வாட்சுகளில் தமிழ் எழுத்துகள் வெறும் கட்டங்களாக வரும். சிலவற்றில் எழுத்து வரும், ஆனால் உடைந்து வரும்: எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய்விடும், புள்ளி தனியாக ஒரு வட்டத்தின் மேல் மிதக்கும். ஆங்கிலச் செய்தியை மட்டும் அனுப்பிப் பார்த்தால் இது தெரியாது. கடையில் இணைத்துக் காட்டச் சொல்லி, 'கொய்யா, பெரியம்மா, மைதானம், கௌரி' என்று ஒரு செய்தி அனுப்பிப் பார். அந்த நாலு சொல்லும் சரியாக விழுந்தால் மற்றதும் பெரும்பாலும் விழும். நம் மொழியைச் சரியாகக் காட்டாத திரைக்கு நம் பணத்தைக் கொடுக்க வேண்டியதில்லை.

தண்ணீர் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு; ரப்பர் வளையத்தைப் பள்ளத்தில் பதித்து மூடும் வேலை செய்த கை இது. 5 ஏடிஎம் என்று போட்டிருந்தால் 50 மீட்டர் ஆழத்துக்கு அதைக் கட்டிக்கொண்டு இறங்கலாம் என்று பொருள் அல்ல. அசையாத நீரின் அழுத்தத்தில் சோதித்த எண் அது. நீந்தும்போது வீசும் கையில் அழுத்தம் கூடும். வெந்நீரும் சோப்பும் நாளடைவில் அந்த வளையத்தைக் கெடுக்கும். மழையில் வண்டி ஓட்டலாம், கை கழுவலாம். குளிக்கும்போது கழற்றி வை. கடலில் நனைந்தால் நல்ல தண்ணீரில் அலசித் துடை. ஒருமுறை பின்மூடியைத் திறந்து தெருமுனைக் கடையில் மூடிய வாட்சை அதற்குப் பிறகு ஈரத்தில் நம்பாதே.

போனோடு இணைக்கும்போது பலர் ப்ளூடூத் பட்டியலில் போய்ப் பெயரைத் தொட்டுவிட்டு, வேலை செய்யவில்லையே என்று திகைப்பார்கள். வாட்சின் ஆப்பை நிறுவி அதன் வழியாகத்தான் இணைக்க வேண்டும். அது அனுமதிகளைக் கேட்டுக்கொண்டே போகும். அறிவிப்புகளைப் படிக்க அனுமதி கொடுத்தால்தான் செய்தி வரும். அழைப்பவர் பெயர் தெரிய தொடர்புப் பட்டியல் வேண்டும். புகைப்படமும் கோப்புகளும் எதற்கு என்று உனக்கு விளங்காவிட்டால் மறுத்துவிடு. வாட்ச் அதற்காக நின்றுவிடாது. ஓரிரு நாளில் இணைப்பு தானாக அறுந்தால் வாட்ச் கெட்டுவிட்டது என்று எண்ணாதே. பல ஆண்ட்ராய்டு போன்கள் பேட்டரியை மிச்சம் பிடிக்க, பின்னணியில் ஓடும் ஆப்களை நிறுத்திவிடும். அமைப்புகளில் போய் அந்த ஒரு ஆப்புக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை எடுத்துவிடு.

நீ நடக்கும் வழியையும் அது பதிவு செய்யும். ஸ்ட்ராவா என்ற உடற்பயிற்சி ஆப் 2017-இல் தன் பயனர்கள் ஓடிய பாதைகளையெல்லாம் ஒரே உலக வரைபடமாக வெளியிட்டது. பாலைவனத்தின் நடுவே ஒளிர்ந்த கோடுகளை வைத்து ராணுவ முகாம்கள் இருக்குமிடம் தெரிந்துவிட்டது என்று 2018 ஜனவரியில் பெரிய செய்தியானது. உன் காலை நடை உன் வாசலில் தொடங்கி உன் வாசலில் முடிகிறது. அதை ஊருக்குக் காட்டாதபடி பகிர்வை மூடிவை.

உடல்நலக் கணக்குகளைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். வாட்சின் அடியில் பச்சை ஒளி மின்னும். ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் ரத்தம் கூடிக் குறைவதால் திரும்பி வரும் ஒளியும் ஏறி இறங்கும். அதை எண்ணித்தான் இதயத் துடிப்பைச் சொல்கிறது. பட்டை தளர்ந்திருந்தாலும், கை அதிகம் ஆடினாலும் எண் பிசகும். சோதிக்க வேண்டுமானால் இரண்டு மாடி ஏறி இறங்கு; உடனே கழுத்தில் விரல் வைத்து அரை நிமிடம் எண்ணி இரட்டித்துப் பார். ஓய்வில் இருக்கும்போது பெரும்பாலான வாட்சுகள் ஓரளவு சரியாகத்தான் காட்டும். மூச்சு வாங்கும்போதுதான் தரம் தெரியும்.

ரத்த ஆக்சிஜன் எண்ணை வைத்து நோய் உண்டா இல்லையா என்று முடிவு செய்யாதே. விரலில் மாட்டும் மருத்துவமனைக் கருவியே கறுத்த தோலில் உண்மையைவிடக் கூட்டிக் காட்டுவதாக 2020-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் ஆய்வு வந்தது. நம் நிறத்துக்கு அது எச்சரிக்கை. சில வாட்சுகள் ஈசிஜி எடுக்கும். சீரற்ற துடிப்பைப் பிடிப்பதில் அதற்குப் பயன் உண்டு. மாரடைப்பைக் கண்டுபிடிக்க அதனால் முடியாது. யாருக்காவது நெஞ்சு வலித்தால் வாட்சைப் பார்த்து நேரம் கடத்தாமல் 108-ஐ அழை.

பத்தாயிரம் அடி நடக்கவில்லையே என்று வருத்தப்படாதே. அந்த எண் எந்த மருத்துவரும் அளந்து சொன்னது அல்ல. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கை அடுத்து, 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரோடு வந்தது. வயதான பெண்களை வைத்து 2019-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், நாளுக்கு 7,500 அடியைத் தாண்டியபின் கூடுதல் பலன் தெரியவில்லை. நீ இளைஞன், நிறைய நட. ஆனால் இரவு பதினொரு மணிக்கு எண்ணை நிரப்ப அறைக்குள் சுற்றாதே. தூக்கத்துக்கு அது போடும் மதிப்பெண்ணும் கை அசைவையும் துடிப்பையும் வைத்துப் போடும் ஊகம். உண்மையான தூக்கச் சோதனையில் மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்வார்கள். எழுந்ததும் உடம்பு தெளிவாக இருந்தால் நன்றாகத் தூங்கினாய். மதிப்பெண் குறைந்ததற்காகக் கவலைப்பட்டுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்பவர்கள் உண்டு என்று மருத்துவர்களே எழுதியிருக்கிறார்கள்.

பட்டைக்கு அடியில் வியர்வையும் சோப்பும் தங்கித் தோல் சிவக்கும். 2014-இல் ஃபிட்பிட் தன் ஃபோர்ஸ் பட்டையைத் தோல் எரிச்சல் புகார்களால் திரும்பப் பெற்றது. சென்னை வெயிலில் தினமும் கொஞ்ச நேரமாவது கையைக் காற்றாட விடு.

வாட்சோடு கூட வாழ்வதில் கடினமானது இதெல்லாம் இல்லை. கையில் தட்டும் உரிமையை யாருக்குக் கொடுக்கிறாய் என்பதுதான். கட்டிய முதல் நாள் எல்லா ஆப்பும் உன்னைத் தட்டும்: தள்ளுபடி, கல்லூரிக் குழு, கிரிக்கெட் ஸ்கோர், உணவு ஆப். அன்றைக்கே உட்கார்ந்து எல்லாவற்றையும் அணைத்துவிடு. வீட்டு அழைப்பு, அலுவலக மேலாளர், வங்கிச் செய்தி, இவ்வளவு போதும். வேறு ஏதாவது உண்மையிலேயே வேண்டுமென்று தோன்றினால் பிறகு ஒவ்வொன்றாகச் சேர். இன்னொன்றும் கவனி. பேசிக்கொண்டிருப்பவர் முன்னால் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தால், 'எனக்கு நேரமாகிறது' என்று சொல்வதாகத்தான் அவருக்குப் படும். நீ செய்தியைத்தான் பார்த்தாய் என்பது பாட்டிக்கு எப்படித் தெரியும்? அவள் பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு, 'சரிப்பா, உனக்கு வேலை இருக்கும்' என்பாள். ஊருக்கு வரும்போது அதைக் கழற்றி அலமாரியில் வை. டிஎன்பிஎஸ்சி எழுதப்போகும் நாளிலும் அறையிலேயே விட்டுப் போ. தேர்வுக்கூடத்தில் மின்னணுக் கருவிக்கு இடமில்லை.

உன் மூன்றாவது படத்தைப் பற்றிக் கடைசியாகச் சொல்கிறேன். ஊசி குத்தாமல் சர்க்கரை பார்க்கும் என்று போட்டிருக்கும் அந்த வாட்சை, 'அப்பாவுக்கும் ஒன்று' என்று எழுதியிருக்கிறாய். வேண்டாம், கண்ணா. தோலைத் துளைக்காமல் தானாகவே ரத்தச் சர்க்கரையை அளக்கும் எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி கொடுக்கவில்லை என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. கையில் ஒட்டும் சென்சார் தோலுக்கடியில் மெல்லிய இழையை இறக்கி அளந்து, அதை வாட்சில் காட்டுவது வேறு. அது உண்மையான கருவி. இந்த வாட்ச் காட்டும் எண்ணை நம்பி உங்கப்பா மாத்திரையைக் கூட்டிக் குறைத்தால் என்ன ஆகும் என்று எனக்கு நினைக்கவே பயமாக இருக்கிறது. அவருக்கு நல்ல குளுக்கோமீட்டர் ஒன்றும் இரண்டு டப்பா ஸ்ட்ரிப்பும் பொங்கலுக்கு வரும்போது நான் வாங்கி வருகிறேன். எப்படிப் பார்ப்பது என்று நீ அவருக்குச் சொல்லிக் கொடு.

அன்புடன்,
பெரியம்மா