எஞ்சினுக்கு மூச்சு முட்டினால்...

காது கிழியும்படி ஓசை எழுப்பிக்கொண்டு சில மோட்டார் சைக்கிள்கள் தெருவில் பறந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். சைலன்சரின் உட்பகுதியைப் பிடுங்கி எறிந்துவிட்டால் வண்டியின் வேகம் கூடிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஓசை கூடுகிறது; அதில் ஐயமில்லை. வேகம் பெரும்பாலும் கூடுவதில்லை, சில வேளைகளில் குறையவும் செய்யும். (சாலையில் ஓடும் வண்டியைத் தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து மாற்றுவதை 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆம் பிரிவில் தடை செய்கிறது என்பது வேறு விஷயம்.) ஓர் எஞ்சினின் திறனைக் கூட்ட வேண்டுமானால், அந்தத் திறன் எந்த இடத்தில் தடைப்பட்டு நிற்கிறது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். பந்தயக் கார்களை வீட்டிலேயே கட்டிய ஓர் இளைஞர் அதை எப்படிக் கண்டுபிடித்தார் என்பதை இங்கே பார்ப்போம். இது இங்கிலாந்தில், 1951ஆம் ஆண்டில் நடந்தது.

முதலில் காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 'ஆஸ்டின் செவன்' என்பது 1922-ல் வெளிவந்த சின்னஞ்சிறு கார். எளிய மக்களும் வாங்கக் கூடிய கார் வேண்டும் என்று ஹெர்பர்ட் ஆஸ்டின் தம் வீட்டு பில்லியர்ட்ஸ் அறையிலேயே அதன் வரைபடங்களைத் தயாரிக்கச் செய்தார். அந்த வரைபடங்களை வரைந்த ஸ்டான்லி எட்ஜ் என்பவருக்கு அப்போது வயது 18! அதாவது உங்களைவிட இரண்டு மூன்று வயதுதான் மூத்தவர். கார் 1939 வரை உற்பத்தியில் இருந்தது. அதன் எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள். மொத்தக் கொள்ளளவு 747 கன செ.மீ.; திறன் நிமிடத்திற்கு 2400 சுழற்சியில் ஏறக்குறைய 10 குதிரைத் திறன்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்தில் பழைய ஆஸ்டின் செவன்கள் மலிவாகக் கிடைத்தன. அவற்றின் எஞ்சினையும் சட்டகத்தையும் வைத்துக்கொண்டு, குறைந்த செலவில் பந்தயம் ஓட்ட விரும்பியவர்களுக்காக '750 மோட்டார் கிளப்' ஒரு போட்டி வகையை ஏற்படுத்தியது. இலண்டனில் கட்டட அமைப்புப் பொறியியல் பயின்ற காலின் சாப்மன் என்ற இளைஞர் இதற்குள் நுழைந்தார். 1928-ல் செய்யப்பட்ட ஓர் ஆஸ்டின் செவனை 1948-ல் பிரித்து மாற்றி அவர் கட்டிய கார்தான் முதல் 'லோட்டஸ்'. 1951-ல் 750 பந்தயத்திற்காகவே மூன்றாவது காரைக் கட்டினார். அவருடைய நண்பர்களான ஆலன் சகோதரர்களின் வீட்டில் நல்ல கருவிகள் உள்ள பட்டறை ஒன்று இருந்தது. வேலை அங்கே நடந்தது.

எஞ்சின் எவ்வளவு காற்றைக் குடிக்கிறது?

ஒரு கணக்குப் போடுவோம். நான்கு வீச்சு எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுழற்சிக்கு ஒரு முறை காற்றை உள்ளிழுக்கிறது. ஆகவே 2400 சுழற்சியில், நிமிடத்திற்கு 1200 முறை 747 கன செ.மீ. காற்று உள்ளே போக வேண்டும். பெருக்கிப் பாருங்கள்: ஏறத்தாழ 900 லிட்டர். ஒரு லிட்டர் காற்றின் எடை சுமார் 1.2 கிராம். எனவே நிமிடத்திற்கு 1 கிலோவுக்குச் சற்று மேல் காற்று. 1 கிராம் பெட்ரோல் முழுவதும் எரிய ஏறத்தாழ 15 கிராம் காற்று வேண்டும். ஆகவே நிமிடத்திற்கு 72 கிராம் பெட்ரோலுக்கு மேல் இந்த எஞ்சினால் சரிவர எரிக்க இயலாது. கார்புரேட்டரில் பெரிய துளை போட்டுப் பெட்ரோலைக் கொட்டினால், எரியாத பெட்ரோல் கரும்புகையாக வெளியே போகும், அவ்வளவுதான். எஞ்சினின் உணவுக்கு அளவு வைப்பது காற்றே.

அப்படியானால் திறனைக் கூட்ட என்ன வழிகள் உண்டு? சிலிண்டரைப் பெரிதாக்கலாம். போட்டி விதி அதற்கு இடந்தரவில்லை.

அமுக்க விகிதத்தைக் கூட்டலாம். அதாவது சிலிண்டர் தலையைச் சிறிது சீவி, கலவையை இன்னும் சிறிய இடத்தில் நெருக்குவது. ஏட்டுக் கணக்கின்படி விகிதம் 5-லிருந்து 7 ஆனால், வெப்பத்திலிருந்து கிடைக்கும் வேலை சுமார் 14 சதவீதம் கூடும். ஆனால் அமுக்கும்போது கலவை சூடேறுகிறது. பெட்ரோல் மட்டமானதாக இருந்தால் தீச்சுடர் வந்து சேருமுன்பே கலவையின் ஒரு பகுதி தானே வெடித்து, பிஸ்டனைச் சுத்தியலால் அடிப்பதுபோல் அடிக்கும். போர்க்காலத்தில் இங்கிலாந்தில் எல்லாக் கம்பெனிகளின் பெட்ரோலையும் ஒன்றாகக் கலந்து 'பூல் பெட்ரோல்' என்று விற்றார்கள். தரம் குறைந்த அந்தப் பெட்ரோல் 1953 வரை நீடித்தது. ஆகவே இந்த வழியில் அதிக தூரம் போக முடியாது.

வேகமாகச் சுழல விடலாம். இதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது. ஆனால் சுழற்சி இரு மடங்கானால் பாகங்களை இழுக்கும் விசை நான்கு மடங்காகும். இந்த எஞ்சினில் பிஸ்டனின் பயணம் 76.2 மி.மீ. 4800 சுழற்சியில், பயணத்தின் முனையில் நின்று திரும்பும் பிஸ்டனில் 100 கிராம் எடையுள்ள ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டால், அதை இழுத்துப் பிடிக்க ஏறக்குறைய 98 கிலோ எடைக்குச் சமமான விசை வேண்டும்! இதையெல்லாம் தாங்க வேண்டியது கிராங்க் தண்டு. பழைய ஆஸ்டின் செவனில் அந்தத் தண்டுக்கு இரண்டு முனைகளிலும் ஒவ்வொரு தாங்கி உண்டு. நடுவில் ஒன்றும் கிடையாது. வேகமாகச் சுழலும்போது அது ஸ்கிப்பிங் கயிறுபோல நடுவில் வளைந்தது. சில நேரம் முறிந்தும் போயிற்று. 1936-லிருந்துதான் நடுவில் மூன்றாவது தாங்கியும் சேர்த்தார்கள்.

எஞ்சியிருப்பது ஒன்று. ஒவ்வொரு முறையும் சிலிண்டர் உண்மையிலேயே நிரம்புகிறதா என்று பார்ப்பது.

கீழ்வீட்டுக் குழாய்

மாடியில் நீங்கள் குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். கீழ்வீட்டில் யாரோ குழாயைத் திறக்கிறார்கள். உடனே உங்கள் குழாயில் தண்ணீர் நூலாக இளைத்துவிடுகிறது. தொட்டியிலிருந்து வரும் குழாய் இருவருக்கும் ஒன்றே என்பதுதான் காரணம். ஆஸ்டின் செவனில் இருந்த குறையும் இதுவே.

அதன் நான்கு சிலிண்டர்களுக்கும் காற்று வர இரண்டே வாசல்கள். 1, 2 ஆகியவற்றுக்கு ஒன்று. 3, 4 ஆகியவற்றுக்கு ஒன்று. ஒட்டிப் பிறந்த இரட்டையர் ஒருவர் முன்னொரு காலத்தில் சயாம் நாட்டிலிருந்து வந்து உலகப் புகழ் பெற்றார்கள் அல்லவா? அவர்களை நினைத்து இத்தகைய வாசலைச் 'சயாமிய' வாசல் என்று பொறியியலாளர் அழைத்தனர். சிலிண்டர்கள் வேலை செய்யும் வரிசை 1, 3, 4, 2. இதைத் திரும்பத் திரும்ப எழுதிப் பாருங்கள்: 1, 3, 4, 2, 1, 3, 4, 2... இரண்டாவது இழுத்து முடித்ததும் அதன் அண்டைவீடான முதலாவது இழுக்கிறது. மூன்றாவது முடித்ததும் நான்காவது. ஒரே வாசலைப் பங்கிடும் இருவரும் அடுத்தடுத்து வருகிறார்கள். பிறகு வாசல் வெகுநேரம் சும்மா கிடக்கிறது.

'அடுத்தடுத்துத்தானே, ஒரே நேரத்தில் இல்லையே?' என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. காற்றுக்கும் எடை உண்டு, ஆகவே நிலைமமும் உண்டு. 4800 சுழற்சியில் பிஸ்டனின் சராசரி வேகம் வினாடிக்கு 12 மீட்டர். வாசலின் பரப்பு பிஸ்டனின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு என்று கொண்டால், அதன் வழியே வரும் காற்றின் வேகம் வினாடிக்கு 60 மீட்டர். பிஸ்டன் கீழ்முனையைத் தொட்டு மேலே திரும்பத் தொடங்கிய பின்பும், வந்த வேகத்திலேயே காற்று உள்ளே நெருக்கிக்கொண்டிருக்கும். ஓடும் குழாயைச் சட்டென்று மூடும்போது சுவருக்குள் 'டக்' என்று ஓர் ஓசை கேட்கிறதே, அதுவும் இதே நிலைமத்தின் வேலைதான். இந்த இலவசக் காற்றை இழக்கக் கூடாது என்பதற்காக, உள்வால்வைக் கீழ்முனையில் மூடாமல் இன்னும் 45 பாகை அளவு திறந்தே வைத்திருக்கிறார்கள் என்று கொள்வோம். 4800 சுழற்சியில் அது வினாடியில் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்கு நேரம். சரியாக அந்த நேரத்தில்தான் அண்டைவீட்டின் வால்வு திறக்கிறது! இரண்டாம் சிலிண்டருக்குள் நெருக்கிக்கொண்டு போக வேண்டிய காற்றின் ஒரு பகுதியை முதலாம் சிலிண்டர் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. மூன்றாவதன் பங்கை நான்காவது இழுக்கிறது.

ஆஸ்டினின் பொறியியலாளர்கள் இது தெரியாதவர்களா என்றால், அவர்களைக் குறை சொல்ல நான் ஒப்பமாட்டேன். 2400 சுழற்சியில் நேரம் இரு மடங்கு தாராளமாக இருக்கிறது. இரண்டே வாசலுள்ள எஞ்சினை வார்ப்பதும் எளிது, மலிவு. குறை தெரியத் தொடங்கியது பந்தயக்காரர்கள் கையில்தான். அவர்கள் வால்வு அதிக நேரம் திறந்திருக்கும்படி புதிய கேம் தண்டு போட்டார்கள். அதனால் இரு வால்வுகளும் ஒருசேரத் திறந்திருக்கும் நேரம் கூடியது. அதாவது, காற்றை அதிகமாகப் பெறச் செய்த ஏற்பாடே திருட்டையும் அதிகமாக்கியது!

சாப்மன் இந்த இடத்தைத்தான் பிடித்தார். எஞ்சினின் வார்ப்பைப் புதிதாகச் செய்ய விதி அனுமதிக்காது. உள்ளே காற்றைக் கொண்டுவரும் பல்கிளைக் குழாயை மாற்றிக்கொள்ளலாம். அவர் எஃகுத் தகட்டால் ஒரு குழாய் அமைத்தார். அதன் தடுப்புகள் வாசலுக்குள்ளேயே நீண்டு, ஒவ்வொரு வாசலையும் இரண்டாகப் பிரித்தன. வெளியிலிருந்து பார்த்தால் வாசல்கள் இரண்டு, காற்றுக்கு நான்கு. மாடிக்கும் கீழ்வீட்டுக்கும் தொட்டியிலிருந்து தனித்தனிக் குழாய் போட்ட கதைதான். 1951-ல் நடந்த 750 பந்தயங்களில் மற்றவர்கள் அந்தக் காரை எட்டிப்பிடிக்கத் திணறினார்கள். பிறகு கிளப் விதியைத் திருத்தி, இப்படி வாசலைப் பிரிப்பதைத் தடை செய்தது. இது அநியாயம் என்று உங்களில் சிலர் சொல்லக் கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எல்லோரும் அதையே செய்யத் தொடங்கினால் மலிவான பந்தயம் மலிவாக இராது. வீட்டுப் பட்டறையில் பிறந்த ஒரு யோசனைக்குத் தனியாக ஒரு விதி எழுத நேர்ந்ததே, அதைவிடப் பெரிய பரிசு என்ன இருக்கிறது?

பிளக் சொல்லும் செய்தி

இத்தகைய திருட்டு நடக்கிறதா என்பதை அந்தக் காலத்தில் வீட்டில் எப்படி அறிந்தார்கள்? எஞ்சினை முழு வேகத்தில் சிறிது தூரம் ஓட்டி, சட்டென்று நிறுத்தி, நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி வரிசையாக வைப்பார்கள். நுனியிலுள்ள பீங்கான் கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு, இளம் பழுப்பானால் சரி. நான்கும் ஒரே நிறமாக இல்லாவிட்டால், நான்கு சிலிண்டர்களும் ஒரே பந்தியில் உண்ணவில்லை என்று பொருள். அப்படிப்பட்ட எஞ்சினுக்குக் கார்புரேட்டரை எப்படித் திருகினாலும் நால்வருக்கும் பொருந்தாது. இன்றைய எஞ்சின்களில் கணிப்பொறி ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனியே பெட்ரோலை அளந்து தெளிக்கிறது. ஆனால் காற்றை வாசலும் வால்வும்தான் இன்றும் அளக்கின்றன.

மாற்றம் செய்பவர்கள் ஒரு வேளையில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். பிளக்கின் நேரத்தையும் கார்புரேட்டரின் துளையையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு, கார் இரண்டு வினாடி முந்தி வந்தால், எதனால் வந்தது என்று யார் சொல்வது? உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் சொல்லித் தருவதும் இதுதானே.

இன்னொன்றையும் பலர் மறந்தார்கள்: பிரேக். ஆஸ்டின் செவனின் பிரேக்குகளை இழுகம்பிகள் இயக்கின. புதிதாக இருந்தபோதே அவை சுமார்தான். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் காரை 90-க்குக் கொண்டுபோனால், நிறுத்தும்போது பிரேக் வெப்பமாக மாற்ற வேண்டிய ஆற்றல் ஒன்றரை மடங்கல்ல, இரண்டேகால் மடங்கு. எஞ்சினில் கைவைக்குமுன் பிரேக்கில் கைவைத்தவர்களே அடுத்த பந்தயத்திற்கும் வந்தார்கள்.

உங்களுக்கு ஒரு கணக்கு. நான்கு தனி வாசல்கள் உள்ள எஞ்சின் ஒன்று உங்களிடம் இருக்கிறது. வேலை வரிசை அதே 1, 3, 4, 2. இரண்டு கார்புரேட்டர்களை மட்டுமே பொருத்தலாம். ஒவ்வொன்றும் இரண்டு சிலிண்டர்களுக்குக் காற்றுத் தர வேண்டும். எந்த இரண்டு சிலிண்டர்களை ஒரு கார்புரேட்டரில் சேர்ப்பீர்கள்? மூன்று விதமாகச் சேர்க்கலாம். அவற்றில் ஒன்றில் மட்டுமே, ஒவ்வொரு கார்புரேட்டரிலும் இரண்டு இழுப்புகளுக்கிடையே சரியாக ஒரு முழுச் சுழற்சி இடைவெளி கிடைக்கும். அந்த எண் வரிசையை ஒரு வட்டத்தைச் சுற்றி எழுதிப் பார்த்தால் விடை கண்ணில் படும்.