சாக்லேட் ஆசைக்குச் சில வார்த்தைகள்

கண்ணு, உனக்கு ஹிஸ்டமின் ஒத்துக்கொள்ளாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து சாக்லேட்டைப் பார்த்தாலே முகம் சுளிக்கிறாயாமே. இதே உடம்போடு கிழவியானவள் சொல்கிறேன், கேள்.

1. பதறாதே. உணவிலுள்ள ஹிஸ்டமினைக் குடலில் சிதைக்கும் டிஏஓ என்ற நொதி நமக்குப் போதவில்லை, அவ்வளவுதான். அளவு மிஞ்சினால் தலைவலி, அரிப்பு, மூக்கடைப்பு வரும். ஆனால் மூச்சு திணறினாலோ, நாக்கு வீங்கினாலோ அது வேறு விஷயம். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடு.

2. விசாரிக்காமல் குற்றம் சாட்டாதே. ராத்திரி ஒரு துண்டு சாக்லேட் தின்றால் முகம் சிவந்து தடித்துப்போகும். வருஷக்கணக்காக அதையே திட்டிக்கொண்டிருந்தேன். மத்தியானம் வெளுத்துக்கட்டிய அயிலைக் குழம்பைப் பற்றி யோசிக்கவே இல்லை! அயிலையை ஐஸில்லாமல் போட்டுவைத்தால் ஹிஸ்டமின் ஏறிவிடும். எவ்வளவு கொதிக்கவைத்தாலும் போகாது. கோகோ கொட்டையையும் சில நாள் புளிக்கவைத்துத்தான் காயவைக்கிறார்கள். அதனால் அதுவும் முழு நிரபராதி இல்லை. ஆனால் சாக்லேட்டில் ஹிஸ்டமின் பொதுவாகக் குறைவுதான். அன்று முழுக்க என்னென்ன சாப்பிட்டாய் என்று பார். நிறைந்த குடம் வழிந்தால் கடைசிச் சொட்டை மட்டும் நோகலாமா?

3. நோட்டில் பொய் எழுதாதே. டாக்டர் சொல்கிறபடி சில வாரம் பத்தியம் இரு. உடம்பு அடங்கியபிறகு, வேறு புது உணவு எதுவும் சேராத நாளில், ஒரு சின்னத் துண்டு தின்று பார், நேரத்தைக் குறித்துவை. என் அக்கா நோட்டில் எப்போதும் ‘ஒன்று’ என்றுதான் இருக்கும். பாதி டப்பா காலியாகியிருக்கும். எந்த டாக்டரால் என்ன செய்ய முடியும்?

4. வெள்ளைச் சாக்லேட்டில் கோகோவிலிருந்து சேர்ப்பது அதன் வெண்ணெய் மட்டும்தான்; சிலருக்கு அது ஒத்துக்கொள்கிறது. ரம், ஒயின் சேர்த்ததைத் தொடாதே. மது அந்த நொதியையே மட்டுப்படுத்தும்.

5. விசேஷ வீட்டில் “ஒரு துண்டுதானே” என்பார்கள். சிரித்துக்கொண்டே வேண்டாம் என்று சொல். வியாதிக் கதையை அவிழ்க்காதே, கோபித்துக்கொள்ளவும் செய்யாதே. பிரியத்தில்தான் நீட்டுகிறார்கள்.

6. தட்டைக் காலியாக்கிக்கொண்டே போகாதே. தக்காளி, கத்தரிக்காய், தயிர் என்று ஒவ்வொன்றாகத் தள்ளி, கடைசியில் வெறும் சோறும் பாசிப்பருப்புமாய் இளைத்துப்போன பெண்ணை எனக்குத் தெரியும். விலக்கியதையெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார். சாக்லேட்டையும்தான்.